அம்மா சம்மதித்தாகிவிட்டது, பிள்ளை? இணைய ஆய்வுக்குக் குடும்பங்களைச் சேர்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

இணையம் வழியாக ஆய்வு நடத்துகிறவர்களுக்கு ஆள் சேர்ப்பதுதான் பாதி வேலை. அதிலும் பெற்றோரும் டீனேஜ் பிள்ளையும் சேர்ந்து கலந்துகொள்ள வேண்டிய ஆய்வு என்றால் சிக்கல் வேறு மாதிரியானது. நான் ஆள்சேர்ப்பைக் கவனித்த ஓர் ஆய்வில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

பதின்பருவப் பிள்ளைகளின் தூக்கத்துக்கும் இரவில் அவர்கள் போன் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு, அதில் வீட்டு விதிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் ஆய்வின் கேள்வி. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளை இருக்கும் குடும்பங்கள் வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஒரே ஒரு முறை 20 நிமிடக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். பிள்ளை 14 நாள், தினமும் காலையில் போனிலேயே ஒரு சின்ன நாட்குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், இடையில் போன் எடுத்தேனா, எழுந்தபோது எப்படி இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பரிசு கூப்பன், அது பெற்றோரின் மின்னஞ்சலுக்குப் போகும்.

ஆய்வில் சேருபவர்களின் நலனைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு அனுமதித்த வழிமுறை எல்லோரும் வழக்கமாகச் செய்வதுதான். பெற்றோர் முதலில் படித்துச் சம்மதம் தர வேண்டும், பிறகு பிள்ளையின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும், அந்த முகவரிக்கு ஒரு லிங்க் போகும், பிள்ளை தனக்கான விளக்கத்தைப் படித்துவிட்டுத் தன் ஒப்புதலைத் தரும். இந்த இரண்டாவது ஒப்புதல் வெறும் சடங்கு கிடையாது. 1964-இல் உலக மருத்துவ சங்கம் வெளியிட்ட ஹெல்சின்கி பிரகடனத்தின் பிந்தைய திருத்தங்கள், தானே சட்டப்படி சம்மதம் தர முடியாதவரும் தன் விருப்பத்தைச் சொல்ல முடியுமென்றால் அதைக் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் அதை மதிக்க வேண்டும் என்கின்றன. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது.

வயது பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. “பையன்தான் இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறானே, அப்புறம் இதற்கு எதுக்கு என் சம்மதம்?” என்று கேட்ட பெற்றோர் உண்டு. சமூக ஊடகங்கள் வைத்திருக்கும் 13 என்ற எண் பெரும்பாலும் 1998-இன் அமெரிக்கச் சட்டம் ஒன்றை ஒட்டி வந்தது. அது வணிகத் தளங்கள் சிறுவர்களிடமிருந்து தகவல் திரட்டுவது பற்றியது, ஆய்வில் சேர்வது பற்றியது அல்ல. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி 16 என்கிறது, நாடுகள் விரும்பினால் 13 வரை இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18-க்குக் கீழே எல்லோருமே குழந்தைதான். இணையத்தில் போட்ட அழைப்பு எந்த நாட்டில் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. அதனால் 18-க்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் பெற்றோர் சம்மதம் என்று கடுமையான வரம்பையே வைத்துக்கொண்டோம்.

முதல் கட்டத்தில் பார்த்தது

சமூக ஊடக விளம்பரம்தான் முதல் வழி. பிள்ளைகளுக்கு நேராக விளம்பரம் காட்டலாம் என்று குழுவில் சிலர் நினைத்தார்கள், ஆனால் அந்தக் கதவு ஏற்கெனவே குறுகிவிட்டது. 2021-இல் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அவர்களுடைய ஆர்வங்களை வைத்துத் தேடிப் பிடிக்கும் வசதியை விளம்பரம் கொடுப்பவர்களிடமிருந்து எடுத்துவிட்டன. வயது, பாலினம், இடம் மட்டும் மிஞ்சியது, 2023-இல் பாலினமும் போனது. பிள்ளைகளைப் பாதுகாக்கச் செய்த மாற்றம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அதன் விளைவாக விளம்பரம் முழுக்கப் பெற்றோரை நோக்கித் திரும்பியது.

வந்தவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். அப்பாக்கள் அரிதாகவே வந்தார்கள். அம்மாக்கள் ஆர்வத்தோடு கேள்வித்தாளை முடித்தார்கள், திறந்த கேள்விகளுக்குப் பத்தி பத்தியாக எழுதினார்கள், பிள்ளையின் மின்னஞ்சலையும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒன்றும் நடக்காது. பிள்ளைக்குப் போன லிங்க் திறக்கப்படாமலே கிடக்கும். பெற்றோருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினால் சில சமயம் அதே மாலையில் பிள்ளையின் ஒப்புதல் வரும், கூடவே முதல் நாள் நாட்குறிப்பும் வரும், மூன்றாம் நாளோடு நின்றுபோகும்.

இதைக் குழுவில் முதலில் ‘பிள்ளைகளுக்குச் சோம்பல்’ என்றுதான் பேசிக்கொண்டோம். ஆனால் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. திறக்கப்படாத மின்னஞ்சல்களில் பல, பள்ளிச் சேர்க்கைக்காகவோ விளையாட்டுக் கணக்குக்காகவோ பெற்றோர் எப்போதோ உருவாக்கியவை. பிள்ளை அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு பதினாறு வயதுப் பெண் பிறகு சொன்னது: “மெயிலா? அது அப்பா போன்லதான் இருக்கு.” ஆக, பிள்ளைக்கு என்று நாங்கள் அனுப்பிய விளக்கம் பெற்றோரின் போனுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

திடீர் வெள்ளம்

இப்படி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் பதிவுகள் கொட்டிக் கிடந்தன. அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டை, கூப்பன் தொகை தெரியும்படி, ஆன்லைனில் சில்லறைக் காசு சம்பாதிக்கும் வழிகளைப் பகிரும் பொதுக் குழு ஒன்றில் யாரோ போட்டிருந்தார்கள். லிங்க் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடியது, தொகை தலைப்பிலேயே இருந்தது. இது போதும்.

இணையத்தில் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். பாட்கள், அதாவது மனிதரைப் போலத் தானாகவே படிவம் நிரப்பும் நிரல்கள், ஒரு வகை. அவற்றைப் படக் கேள்விகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் படிவத்தில் ஒளித்துவைப்பது போன்ற வழிகளில் ஓரளவு பிடிக்கலாம். தகுதி இல்லாமலே தகுதி இருப்பதாகச் சொல்லிப் பல பெயர்களில் வரும் மனிதர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பிடிப்பது கடினம். எங்களுக்கு வந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை: பெயரும் சில எண்களும் சேர்ந்த ஒரே அச்சான மின்னஞ்சல்கள், சில நொடிகளில் ‘படித்து முடித்த’ சம்மதப் படிவம், பதினேழு வயதுப் பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது அம்மா, வெவ்வேறு குடும்பங்களின் திறந்த பதில்களில் ஒரே வாக்கியம் அதே எழுத்துப் பிழையோடு.

எதை வைத்துப் போலி என்று சொல்வது

இங்கேதான் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது, இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

வழக்கமான வடிகட்டிகள் எல்லாம் தனி ஆளை மனதில் வைத்துச் செய்தவை. ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, இரண்டு பதிவா? தூக்கு. ஒரே கருவியா? தூக்கு. அடுத்தடுத்த சில நிமிடங்களில் வந்தவையா? சந்தேகப் பட்டியல். ஆனால் உண்மையான குடும்பம் எப்படி இருக்கும்? அம்மாவும் பிள்ளையும் ஒரே வைஃபையில் இருப்பார்கள். பிள்ளைக்குத் தனி போன் இல்லாத வீட்டில் ஒரே போனில்தான் இரண்டு பேரும் நிரப்புவார்கள். அம்மா முடித்த கையோடு போனைப் பிள்ளையிடம் கொடுத்தால் இடைவெளி நாலைந்து நிமிடம்தான். மோசடிக்காரர்களோ ஒவ்வொரு பதிவுக்கும் ஐபியை மாற்றிக்கொண்டு வரத் தெரிந்தவர்கள். ஆக அந்த வடிகட்டியை அப்படியே போட்டால் உண்மையான குடும்பங்கள் வெளியே போகும், போலிகள் உள்ளே நிற்கும். அதிலும் முதலில் வெளியே போவது ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள், அதாவது வசதி குறைந்த வீடுகள். தூக்கம் பற்றிய ஆய்வில் தனி அறையும் தனி போனும் உள்ள பிள்ளைகள் மட்டும் மிஞ்சினால் அந்த முடிவை வைத்து யாருக்கு என்ன சொல்ல முடியும்?

அதனால் எந்த ஒரு அறிகுறியும் தனியாக ஒரு குடும்பத்தை நீக்கப் போதாது என்று வைத்துக்கொண்டோம். ஐபி ஒன்றாக இருப்பதைச் சந்தேகக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். பெற்றோர் சொன்ன பிள்ளையின் வயதும் பிள்ளை தானே சொன்ன பிறந்த மாதமும் பொருந்தாதது, திறந்த பதில்களின் நகல், குடும்பங்களுக்கு இடையே ஒரே கருவி, இப்படி இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மட்டும் தனியாக எடுத்து வைத்தோம், அதுவும் ஒருவர் அல்ல, இரண்டு பேர் ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்காமல் முடிவு செய்து, பிறகு ஒப்பிட்டு.

எடுத்த முடிவுகள்

பொது லிங்கை உடனே மூடினோம். கூப்பன் அனுப்புவதை நிறுத்திவைத்தோம். எந்தப் பதிவையும் அழிக்கவில்லை, ஏனென்றால் பிறகு எத்தனை பேரை, எதனால் நீக்கினோம் என்று ஆய்வறிக்கையில் சொல்லியாக வேண்டும். காத்திருக்கும் எல்லோருக்கும், சரிபார்ப்பு நடக்கிறது, தாமதமாகும் என்று ஒரே மாதிரிக் கடிதம் போனது. அதில் யாரையும் குற்றம் சாட்டும் தொனி வராமல் பார்த்துக்கொண்டோம், அந்தக் கடிதம் உண்மையான குடும்பத்துக்கும் போகிறதே.

அடையாள அட்டை கேட்கலாம் என்ற யோசனையை மறுத்தோம். போலிகளைத் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் ஒரு சிறுவனின் அடையாள ஆவணத்தை வாங்கி வைத்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் நம் தலையில் விழும். அரசு அலுவலகம் என்றாலே தயங்கும் குடும்பங்கள் அதோடு விலகிவிடும். தூக்க நாட்குறிப்புக்கு அந்த ஆவணம் தேவையே இல்லை. தேவையில்லாத தகவலை வாங்காமல் இருப்பதுதான் நல்ல பாதுகாப்பு.

அதற்குப் பதிலாக ஒரு சின்ன தொலைபேசி அழைப்பு. வீடியோ கட்டாயம் இல்லை, குரல் போதும். முதலில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து, பிறகு ஐந்து நிமிடம் பிள்ளையோடு தனியாக. கேள்விகள் விசாரணை போல இருக்காது: இந்த ஆய்வைப் பற்றி எங்கே பார்த்தீர்கள், பள்ளி நாளில் காலையில் எப்படி எழுந்திருப்பாய், நாட்குறிப்பு எழுத எந்த நேரம் வசதி. கூப்பனுக்காக வந்தவர்களில் பெரும்பாலோர் அழைப்பு என்றதுமே காணாமல் போனார்கள். இந்த மாற்றத்துக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை, அது வரும்வரை காத்திருந்தோம். அவசரம் இருந்தது, ஆனாலும் பிள்ளையோடு தனியாகப் பேசும் ஒரு நடைமுறையை அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது.

தனியாகப் பேசியபோது

போலிகளைப் பிடிக்கத்தான் இந்த அழைப்பைக் கொண்டுவந்தோம். அது காட்டியது வேறு.

ஒரு பதினைந்து வயதுப் பையன். அம்மா கேள்வித்தாளை முழுமையாக முடித்திருந்தார், பையனின் ஒப்புதலும் இரண்டு நாள் நாட்குறிப்பும் ஏற்கெனவே வந்திருந்தன. சேர்ந்து பேசியபோது அம்மாதான் பேசினார்: “கண்டிப்பா எழுதுவாம்மா, நான் பாத்துக்கறேன்.” அவர் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகு எங்கள் குழுவைச் சேர்ந்த பெண், “இதுல சேரணுமா வேண்டாமாங்கறது உன் முடிவுதான். நீ என்ன நெனைக்கிற?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான்: “எனக்கு வேண்டாம்க்கா. அந்த ரெண்டு நாளும் அம்மாதான் எழுதினாங்க. ஆனா நான் வேண்டாம்னு சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.”

அந்த அம்மா பொய் சொல்ல நினைத்தவர் அல்ல. மகன் இரவில் தூங்காமல் போனோடு கிடக்கிறான் என்ற கவலையில், இந்த ஆய்வில் சேர்ந்தால் அவனுக்கு ஏதாவது புரியும் என்று நம்பி வந்தவர். பையன் மறுத்ததற்கும் காரணம் அதுதான்: வீட்டில் தினமும் நடக்கும் சண்டையின் தொடர்ச்சியாகவே இந்த நாட்குறிப்பு அவனுக்குத் தெரிந்தது. அதில் எழுதுவதை அம்மா படிப்பார் என்றும் நினைத்திருந்தான். படிக்க மாட்டார் என்று பெற்றோருக்கான விளக்கத்தில் இருந்தது, அவன் பார்க்காத மின்னஞ்சலிலும் இருந்தது.

என்ன செய்வது? அவன் மறுப்பை மதிக்க வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் ‘உங்கள் மகன் மறுத்துவிட்டான்’ என்று அம்மாவிடம் சொன்னால் அன்று இரவு வீட்டில் அவனுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. அன்றே குழு கூடி ஒரு பொதுவான வாக்கியத்தை முடிவு செய்தது (இரண்டாம் கட்டம் என்றது பிள்ளை நாட்குறிப்பு எழுதுவதை): “அழைப்புக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களும் இரண்டாம் கட்டத்துக்குப் போவதில்லை, உங்கள் பகுதி முடிந்தது, நன்றி.” இது பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காக உண்மையாகவே அப்படி ஆக்கினோம்: அழைப்பு முடிந்த எல்லாப் பெற்றோரிடமும், இரண்டாம் கட்டம் உறுதி இல்லை, காரணத்தைச் சொல்ல மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்வது நடைமுறையானது. அந்த அம்மாவின் பங்குக்கான கூப்பன் போனது. அம்மா எழுதிய இரண்டு நாள் நாட்குறிப்பைத் தரவிலிருந்து எடுத்தோம்.

அதன் பிறகு தனியாகப் பேசியபோது மறுத்த பிள்ளைகள் இன்னும் சிலர் இருந்தார்கள். அதே நேரம், தயங்கிக்கொண்டே வந்து, யார் படிப்பார்கள் என்று தெளிவானதும் “அப்போ சரி” என்று உற்சாகமாகச் சேர்ந்தவர்கள் அதைவிட அதிகம்.

மாற்றிய வழி

பிள்ளைக்குத் தனி விளக்கத் தாளை அவர்கள் பேசும் மொழியில், போன் திரையில் ஒரே மூச்சில் படிக்கும் நீளத்துக்கு எழுதினோம். முதல் வரியே, நீ எழுதுவதை உன் வீட்டில் யாரும் பார்க்க முடியாது என்பது. இரண்டாவது வரி அதன் விதிவிலக்கு: உனக்கு ஆபத்து இருப்பதாக எங்களுக்குத் தெரிந்தால் மட்டும் உன்னிடம் பேசிவிட்டு உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வோம். இந்த விதிவிலக்கை அடியில் பொடி எழுத்தில் ஒளிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நாட்குறிப்பில் எழுதுவதை உடனுக்குடன் யாரும் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அவசர உதவி வேண்டுமென்றால் இந்த எண் என்பதும் அங்கேயே இருந்தது.

மின்னஞ்சலைக் கைவிட்டோம். எந்த வழியில் செய்தி வந்தால் உன் கண்ணில் படும் என்று பிள்ளையிடமே அழைப்பில் கேட்டுக்கொண்டோம். நினைவூட்டல் பெற்றோர் வழியாகப் போவதை அடியோடு நிறுத்தினோம். பள்ளி நேரத்தில் எதுவும் அனுப்புவதில்லை.

கூப்பனை இரண்டாகப் பிரித்தோம், பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. பிள்ளையின் பங்கு நாட்கணக்கில் சேரும், நடுவில் விட்டாலும் அதுவரை எழுதிய நாளுக்கு உண்டு. இல்லாவிட்டால் பன்னிரண்டாம் நாளில் விலக நினைக்கும் பிள்ளை தொகைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எதையாவது எழுதும். விளம்பரத்தின் தலைப்பிலிருந்து தொகையை எடுத்து விளக்கத்துக்குள் வைத்தோம்.

பிள்ளையே முதலில் ஆய்வைப் பற்றிப் படித்து, பிடித்திருந்தால் பெற்றோருக்கு அனுப்பும் ஒரு பக்கமும் திறந்தோம். அதில் பிள்ளையிடம் எந்தத் தகவலும் கேட்பதில்லை. பெற்றோர் சம்மதித்த பிறகுதான் பெயர்கூட வாங்குவோம். ஆசிரியர்கள் வழியாகப் போவதைப் பற்றியும் பேசினோம். வகுப்பில் ஆசிரியர் சொன்னால் பிள்ளைக்கு அது வீட்டுப்பாடம் போல ஆகிவிடும் என்பதால், பள்ளி அனுமதித்தால் தகவல் பலகையில் ஓர் அறிவிப்பு மட்டும், யார் சேர்ந்தார்கள் என்று பள்ளிக்குச் சொல்வதில்லை என்று வரம்பு வைத்தோம்.

என்ன விளைந்தது

வேகம் குறைந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அழைப்பு என்றால் ஆள் வேண்டும், மாலையும் வார இறுதியும் வேண்டும். திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டவில்லை, காலத்தை நீட்டித்தும்கூட. ஆனால் சேர்ந்த பிள்ளைகளில் 14 நாளையும் எழுதியவர்களின் பங்கு முன்பைவிடத் தெளிவாகக் கூடியது, எழுத்தும் மாறியது. முன்பு ‘நல்லா தூங்கினேன்’ என்று வந்த இடத்தில் இப்போது யாரோடு சண்டை, எந்தப் பரீட்சை, எதற்காக இரண்டு மணிக்கு போனை எடுத்தேன் என்று வந்தது.

பொது லிங்க் காலத்துப் பதிவுகளில் சரிபார்க்க முடியாதவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களில் உண்மையானவர்கள் சிலர் நிச்சயம் இருந்திருப்பார்கள், அது இழப்புதான். அழைப்புக்கு வர விருப்பம் உண்டா என்று எல்லோருக்கும் எழுதி, வந்தவர்களுக்கு முழுத் தொகையும் கொடுத்தோம்.

கடைசிவரை தீராத ஒன்றும் உண்டு. போனைப் பற்றி வீட்டில் கடுமையாகச் சண்டை நடக்கும் குடும்பங்களில்தான் பிள்ளைகள் அதிகம் மறுத்தார்கள் என்று அழைப்புகளை நடத்திய எல்லோருக்கும் தோன்றியது. ஆய்வு தெரிந்துகொள்ள விரும்பியதே அந்த வீடுகளைப் பற்றித்தான். அவர்கள் விலகியதால் எங்கள் முடிவுகள் ஓரளவு அமைதியான வீடுகளின் படமாகவே இருக்கும் என்பதை அறிக்கையில் எழுதினோம்.

அடுத்த முறை மாற்றுவது

பிள்ளையோடு தனியாகப் பேசும் தொலைபேசி அழைப்பை முதல் நாளிலிருந்தே திட்டத்திலும் பட்ஜெட்டிலும் வைப்பேன். அழைப்பு நடத்துபவர்களுக்கு, பிள்ளை மறுத்தால் என்ன சொல்வது என்ற பயிற்சி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பொது வாக்கியமும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முதல் விண்ணப்பத்திலேயே இருக்கும். பொது லிங்க் கிடையாது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை மட்டும் திறக்கும் தனி லிங்க்.

விளம்பரத்தின் வாசகங்களையும் படிவங்களையும் சில பதின்பருவப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே காட்டி, அவர்கள் நேரத்துக்கு ஊதியமும் கொடுத்து, கருத்துக் கேட்பேன். அப்பாக்களை நோக்கி ஒரு தனி விளம்பரம் வேண்டும், ‘பெற்றோர்’ என்று பொதுவாகப் போட்டால் அம்மாக்கள்தான் வருகிறார்கள்.

பதினேழு வயதில் சேர்ந்து, ஆய்வு நடக்கும்போதே 18 ஆகிறவர்களுக்கு அன்றிலிருந்து பெற்றோர் சம்மதம் போதாது, அவர்களே புதிதாகச் சம்மதம் தர வேண்டும். இந்த முறை பிறந்த மாதத்தை வைத்து அதைக் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த முறை சேரும் நாளிலேயே அந்தத் தேதியைக் குறித்துவைத்து, புதிய படிவம் அவர்களுக்குத் தானாகப் போகும்படி செய்ய வேண்டும். பதில் வரும்வரை நாட்குறிப்பு நிற்கும், முன்பு எழுதியதை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அதே படிவத்தில் அவர்களிடம் கேட்போம்.